வீரபாகுவுக்குச் சீ வந்தது

வலது கையை இன்னும் கொஞ்சம் வேகமாக நடுங்கவிட்டால் பார்க்க இயற்கையாக இருக்குமா என்று வீரபாகு மொட்டைமாடியில் யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த மாடியில் தட்டு விழுந்தது. மோர்மிளகாய் காயவைக்க வந்த வடிவம்மாள், தட்டைத் தவறவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமி! அடுத்த வீட்டுக்கா வந்தே? எங்க வீடு உன் கண்ணுக்குத் தெரியலயா?"

வீரபாகுவின் கை அந்தரத்தில் நின்றது. இடுப்பு மட்டும், தகவல் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததுபோல, இன்னும் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

வீரபாகு துறைமுகத்துச் சரக்கு ஏஜென்சி ஒன்றில் பில் போடுகிறவர். ஆறேழு வருடமாக விடியற்காலையில் கடற்கரைப் பூங்காவில் தாய்-சீ என்னும் சீனப் பயிற்சி பழகுகிறவர். கற்றுக்கொடுப்பவர் தேவபிரசாதம் மாஸ்டர். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சீனத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதாகிக் கிடந்த காலத்தில் இதைக் கற்று வந்தவர். உடம்புக்குள் ஓடும் சக்திக்குச் சீனத்தில் 'சீ' என்று பெயர். பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, "என்ன வே, சீ வந்துச்சா?" என்று கேட்பார்.

எல்லோருக்கும் வந்தது. உப்பு வியாபாரிக்கு உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது. பேங்க் மேனேஜருக்குத் தொப்புளுக்குக் கீழே சூடாக ஓர் உருண்டை சுற்றியது. ரிட்டையர்டு தாசில்தாருக்கு உடம்பு பஞ்சாகித் தானாக அசைந்தது. சர்வீசில் இருந்தபோது அப்படி எதற்கும் அசைந்தவர் இல்லை. வீரபாகுவுக்கு மட்டும் முழங்கால் வலித்தது. அப்புறம் பசித்தது.

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொன்னார். மாஸ்டர் தோளில் தட்டி, "வரும் வே, வரும்" என்றார், பரீட்சையில் தவறியவனைத் தேற்றுவதுபோல. எறும்புக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல் மறுநாளே வீரபாகு ஓர் எறும்பைக் கடன் வாங்கினார். பிறகு உருண்டையை. அதையும் மேனேஜருடையதைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சொல்லிவிட்டார்.

வம்பு அங்கேதான் வந்தது. "வீரபாகுக்குப் பொங்குற மாதிரி யாருக்கும் சீ பொங்கல" என்று மாஸ்டர் தீர்ப்புச் சொல்லி, வரும் ஞாயிற்றுக்கிழமை புது ஆட்கள் முன்னால் அவரை நிற்கவைத்துக் காட்டப்போவதாக அறிவித்துவிட்டார். உடம்பு தானாக நடுங்க வேண்டும். நடுங்காவிட்டால் இத்தனை வருடப் புளுகும் ஒரே காலையில் வெளுத்துவிடும். மாடியில் நடந்தது அதற்கான ஒத்திகை.

"அக்கா, சாமியெல்லாம் இல்ல. இது வந்து... சீ!"

வடிவம்மாளின் முகம் சுருங்கியது. "ஏளா செல்வராணி! இங்கன வாளா! சாமி என்னையப் பாத்து ச்சீங்குது!"

"உங்களச் சொல்லலக்கா. சீ! அது பேரே சீ!"

"திரும்பத் திரும்பச் சொல்லுதே! திருச்செந்தூருக்குப் பால்குடம் எடுக்கேன்னு நேந்துட்டு எடுக்காம இருக்கேன். எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. உனக்குத் தெரிஞ்சிட்டே அப்பா!"

வீரபாகு கீழே ஓடினார். படிக்கட்டின் அடியில் மனைவி செல்வராணி சூடத்தட்டோடு நின்றாள்.

"இதுக்குத்தான் விடியமுன்ன பீச்சுக்கு ஓடுனியளா? ஆடுற சாமி வீட்டுல ஆடுனா என்ன? எங்கம்மா வந்திருக்கையில ஆடியிருந்தா எவ்வளவு மரியாதையா இருந்திருக்கும்!"

அவளிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வருடங்களில் காலி கேஸ் சிலிண்டரை அவர் ஒருதடவைகூடத் தூக்கியதில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றதில்லை. மச்சினன் வீட்டு விசேஷங்களுக்குப் போனதில்லை. "சீ கலைஞ்சிரும்" என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கடந்து வந்தவர். சீ வரவேயில்லை என்று ஒப்புக்கொண்டால் அத்தனை சிலிண்டரும் மொத்தமாகத் திரும்பி வரும். எனவே பேசாமல் நின்றார்.

"சாமி மௌனத்துல இருக்கு," என்று செல்வராணி வாசலில் போய்ச் சொன்னாள்.

வாசலில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

சாயங்காலம் இஸ்திரிக்கடை முத்துக்கனி வந்து காலில் விழுந்தாள். "எம்மவன் தோணியில போனவன், ஒரு போன் இல்ல. எங்க இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லு சாமி."

வீரபாகு கணக்குப் போட்டார். யார் கேட்டாலும் சிரிக்கிற மாதிரி எதையாவது சொன்னால், இவனெல்லாம் ஒரு சாமியா என்று கலைந்து போய்விடுவார்கள்.

"கிழக்க போய்ப் பாரு."

தூத்துக்குடியில் கிழக்கே போனால் கடல்தான். முத்துக்கனி போனாள். அவள் சந்தில் கிடைக்காத டவர் கடற்கரையில் கிடைத்தது. கிடைத்ததும் போன் அடித்தது. மகன்தான். அங்கேயே கடலில் ஒரு முழுக்கும் போட்டு, தலையோடு கால் நனைந்து, கையில் செவ்வந்தி மாலையோடு அவள் திரும்பி வந்தபோது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது.

மறுநாள் யாரோ மஞ்சள் வேட்டி கட்டிவிட்டார்கள். யாரோ ஸ்டூலில் உட்காரவைத்து நெஞ்சில் சந்தனம் பூசினார்கள். ஏஜென்சியில் உடன் வேலை பார்ப்பவர்கள் வரிசையில் நிற்பதைக் கண்டதும் வீரபாகுவுக்குத் தாங்கவில்லை. ஸ்டூலைவிட்டு எழுந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"எல்லாரும் கேளுங்க! நான் சாமி இல்ல! நான் வீரபாகு!"

கூட்டம் கை கூப்பியது. பிறகு பின்வரிசைக் கிழவர் ஒருவர் தழுதழுத்தார்.

"வீரபாகு தேவரா! முருகனோட தளபதி! செந்தூர் வாசல்ல காவல் நிக்கிறவரே எறங்கி வந்திருக்காரே!"

குலவைச் சத்தம் கிளம்பியது. சொந்தப் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாத நிலைமை உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும் என்று வீரபாகு உட்கார்ந்து யோசித்தார். அம்மாவும் அப்பாவும் வேறு பெயர் வைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. 'உடம்பு சரியில்லை மாஸ்டர், இன்று வர இயலாது' என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு வீரபாகு நிம்மதியாக மூச்சுவிட்டார். ஒரு கேவலத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு கேவலத்திலிருந்து தப்பியாயிற்று.

ஆனால் தேவபிரசாதம் மாஸ்டர் நல்ல மனிதர். மாணவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வருகிறவர்.

வெள்ளைப் பேண்டும் வெள்ளைச் சட்டையுமாக அவர் வரிசையில் நிற்பதை வீரபாகு முதலில் நம்பவில்லை. வாசலில் யாரோ அவர் கையிலும் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்திருந்தார்கள். சாயர்புரத்துக் கிறிஸ்தவச் சபைக்காரர், அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பந்து போடப்போகிறவர் மாதிரி பிடித்திருந்தார்.

வீரபாகு தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மஞ்சள் வேட்டி. சந்தனம். மாலை. இடுப்பில் வேப்பிலை. இதுதான் சீ பொங்கிய மாணவனின் கோலம். மாஸ்டர் இனி யார் முகத்திலும் விழிக்க முடியாதபடி செய்துவிட்டோமே என்று நினைத்ததும் காது மடல்கள் கொதித்தன. உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. நிச்சயமாக எறும்பு. தொப்புளுக்குக் கீழே சூடாக ஓர் உருண்டை கிளம்பிச் சுற்ற ஆரம்பித்தது. கால்கள் தரையில் இல்லை. பிறகு தோள், கை, இடுப்பு என்று உடம்பு மொத்தமும் தானாகக் கிடுகிடுவென்று நடுங்கியது. இத்தனை வருடம் கடற்கரையில் காலை மாற்றி மாற்றி நின்றும் வராததெல்லாம், ஒரு வெட்கத்தில் வரிசையாக வந்து இறங்கியது.

"வந்துட்டாரு! வந்துட்டாரு!" என்று வடிவம்மாள் கத்தினாள்.

வரிசை நகர்ந்தது. மாஸ்டர் எதிரே வந்து நின்றார். வீரபாகுவுக்குக் கண்ணீர் முட்டியது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். எறும்பு, உருண்டை, ஒத்திகை, ஒன்றையும் ஒளிக்கக் கூடாது. சிலிண்டர் போனால் போகட்டும்.

"மாஸ்டர்... என்னைய மன்னிச்சிருங்க. நான் உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்..."

மாஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். பூங்கா ஆட்கள் யாராவது வரிசையில் இருக்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று உறுதியானதும், எலுமிச்சம்பழத்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, வீரபாகுவின் காதருகே குனிந்தார்.

"அப்புறம் சொல்லும் வே, சாமி மலையேறிரப் போவுது. மொதல்ல எனக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லும்: இவ்வளவு வருசமா ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கேனே, எனக்கு எப்ப வரும்?"