நீரோட்டமும் பத்து கெஜச் சங்கிலியும்

ஹோல்கம் கல்லூரி மைதானத்துக்கு அடியில் ஒரு நதி ஓடுகிறதாம். அது எங்கள் பையன்களின் காலைப் பிடித்து இழுக்கிறதாம். அதனால்தான் அமெரிக்கக் கால்பந்தில் ஃபேர்லி கல்லூரியிடம் ஏழு வருடமாகத் தோற்கிறோமாம். பயிற்சி போதாததால் அல்ல, கைக்கு வந்த பந்தைக் கீழே போட்டதால் அல்ல. நதியால்!

தெற்கு டகோட்டாவில் எங்கள் வட்டாரமே இதை நம்பியது. ஏழில் மூன்று ஆட்டம் ஃபேர்லியின் ஊரில் நடந்தவை. எழுபது மைல் தள்ளி அங்கே எங்கள் நதி பஸ் ஏறியா போயிற்று? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாக மைதான ஓரத்தில் பத்து கெஜச் சங்கிலியைப் பிடித்து நிற்பவன். பந்து போதுமான தூரம் போனதா என்று சந்தேகம் வந்தால் நடுவர் என்னைத்தான் கூப்பிடுவார். அளப்பதையே வேலையாக வைத்திருந்த நானும் கணுக்காலில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

நதியைக் கண்டுபிடித்த மகான் டெல்மர் க்ரௌஸ். கையில் இரண்டு வளைந்த கம்பிகளோடு நீரோட்டம் பார்ப்பவர். அவரைக் கேட்காமல் இங்கே எந்தப் பண்ணையிலும் கிணறு தோண்ட மாட்டார்கள். எங்கள் ஊரில் இருநூறு அடி தோண்டினால் எங்கேயும் தண்ணீர் வரும். ஆகவே டெல்மர் இதுவரை தோற்றதே இல்லை.

ஆட்ட வாரத்தின் திங்கட்கிழமை, முந்நூறு பேர் பிளாஸ்கில் காபியோடு குளிரில் நின்று வேடிக்கை பார்க்க, டெல்மர் மைதானத்தில் நடந்தார். ஒன்பது இடத்தில் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்தன. ஒன்பதும் போன வருடங்களில் நாங்கள் பந்தைக் கோட்டைவிட்ட இடங்கள்! கூட்டத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஒன்பது கதையையும் முடிதிருத்தகத்தில் தினம் காலையில் யாராவது சொல்லிப் புலம்புவார்கள். டெல்மரும் தினம் அங்கே உட்கார்ந்திருப்பார். அவருக்கோ தலையில் ஒரு முடி கிடையாது.

நதியை அடக்குவதற்கு ஒன்பது இடத்திலும் செம்பு ஆணியைப் புதைத்து, மேலே புல்லில் நீலப் பொட்டு வைத்தார். அதே செம்பில் கணுக்காலில் சுற்றக் கம்பி செய்து எங்களுக்கும் விற்றார். ஒன்று இருபது டாலர். பயிற்சியாளர் ஹாவ்லிக் இன்னொரு படி மேலே போனார். ஒன்பது பொட்டையும் மிதிக்காமல் ஓடும்படி ஆட்டத் திட்டம் முழுவதையும் மாற்றி வரைந்தார். எட்டாவது முறையும் தோற்றால் அவர் வேலை போய்விடும். பயந்தவன் கையில் பென்சில் கிடைத்தால் இப்படித்தான்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். செவ்வாய்க்கிழமை கோச் ஹாவ்லிக்கோடு டெல்மர் சிகிச்சை அறைக்குள் நுழைந்தார். மேசையில் வேட் லுட்கி படுத்திருந்தான். பந்தை எடுத்து ஓடுவதில் எங்கள் அணியின் உயிர் அவன். இரண்டு வாரம் முன்பு முட்டியில் பலமாக அடி. வீட்டில் அப்பாவும் நூறு மாடும் அவன் படிப்பு முடித்து வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். நான் ஓரமாக ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

டெல்மர் முட்டியின் மேல் கம்பிகளை ஆட்டினார். அவை குறுக்கே விழுந்தன.

"முட்டியில ஒண்ணுமே இல்ல கோச். நீரோட்டம் இழுத்ததுல நரம்பு முறுக்கிக்கிச்சு, அவ்வளவுதான். செம்பு எறக்கியாச்சு. இனிமே பையன் குதிரை மாதிரி ஓடுவான்."

வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் ரோண்டா கட்டுத்துணியைக் கீழே வைத்தாள். "மூட்டு நார் பாதி கிழிஞ்சிருக்கு டெல்மர். ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியுது. இன்னொரு அடி விழுந்தா மீதியும் போயிரும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டணும் இவன்."

"மெஷினு மேலாலதாம்மா பாக்கும். கம்பி ஆழத்தப் பாக்கும்."

"சரி, ஆழமாவே கேக்கறேன். நம்ம பசங்க காலை இழுக்கற நதி ஃபேர்லி பசங்க காலை ஏன் இழுக்கல?"

"அதுக்கு நம்ம மேலதான் கோவம்."

கோச் தலையை ஆட்டினார். அந்த பதிலுக்கும் தலையை ஆட்டிய மனிதர்!

"எனக்கு வலியே இல்ல ரோண்டா," என்றான் வேட், பல்லைக் கடித்துக்கொண்டு. "இதான் என் கடைசி வருஷம். பொறுப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். நான் ஆடுறேன்."

வியாழக்கிழமை, நன்றி செலுத்தும் நாளின் வான்கோழி விருந்தன்று, பனி கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை மைதானம் முழங்கால் அளவு வெள்ளையாகக் கிடந்தது. இப்படி ஆனால் ஊரே அவரவர் மண்வாரியோடு வந்து பனியை அள்ளுவது எங்கள் வழக்கம். கூலி, ஒரு கிண்ணம் காரமான கறிக் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும். கூட்டம் வருவதற்குள் ரோண்டா என்னிடம் வந்தாள். மைதான ஓரத்தில் பத்து, இருபது, முப்பது என்று கெஜம் காட்டும் பலகைகளை நிறுத்துவதும் என் வேலைதான்.

"எல்லாப் பலகையையும் ஒரு சங்கிலி தூரம் கிழக்கால தள்ளி வைங்களேன்."

"ஏன்டாப்பா வம்புன்னு இருக்கு எனக்கு. காலையில நல்ல காரியம் நடக்கற எடத்துல…"

"நீங்க நம்பறீங்கல்ல? அப்ப என்ன பயம்? தரைக்கு அடியில ஓடற நதி பலகையப் படிச்சுட்டா ஓடப் போவுது?"

பலகைகளைத் தள்ளி வைத்தேன்.

ஒன்பது மணிக்கு ஐந்நூறு பேர் மண்வாரியோடு நின்றார்கள். வேட் விந்திக்கொண்டே வந்து நின்றான். ரோண்டா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "டெல்மர், பனி அள்றதுக்கு முன்னாடி செம்பு எங்க இருக்குன்னு ஒரு தடவ காட்டிருங்க. கரெக்டா காட்டிட்டா வேட் ஆடறதுக்கு நான் குறுக்க நிக்கல."

கூட்டம் ஆரவாரம் செய்தது. அத்தனை கைதட்டலையும் வாங்கிக்கொண்டு மறுக்க டெல்மரால் முடியவில்லை. கம்பிகளோடு பனியில் இறங்கினார். கண் பாதி மூடியிருந்தது. பாதி திறந்திருந்தது என்றும் சொல்லலாம். பலகையைத் தாண்டும்போதெல்லாம் நடை மெதுவாகும். கம்பி சாயும். ஒரு சிவப்புக் கொடி. ஒன்பது கொடி நட்டதும் தொப்பிகள் வானத்தில் பறந்தன.

பிறகு பனியை அள்ளினோம். முதல் கொடியைச் சுற்றிப் புல் தெரிந்தது. நீலப் பொட்டு இல்லை. இரண்டாவதில் இல்லை. ஒன்பதிலும் இல்லை. பொட்டுகள் வேறெங்கோ கிடந்தன.

"குளிருக்கு நதி நகர்ந்துருச்சு," என்றார் டெல்மர், கொஞ்சமும் அசராமல்.

"செம்பு ஆணியுமா நகர்ந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

ரோண்டா என் பக்கம் திரும்பினாள். "சங்கிலியக் கொண்டாங்க."

கொடியிலிருந்து பொட்டு வரை பிடித்தோம். பத்து கெஜம். அடுத்தது, பத்து. ஒன்பதுக்கும் சங்கிலி இழுத்தோம். கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு கொடியும் பொட்டுக்குக் கிழக்கே ஒரே ஒரு சங்கிலி. பனி விலகித் தெரிந்த கெஜக் கோட்டையும் பக்கத்துப் பலகையையும் காட்டி நானே சொன்னேன்:

"பலகைய நான்தான் தள்ளி வெச்சேன். கோட்டுல இருபது, பலகையில முப்பது. பாருங்க. இந்த மனுஷன் இவ்வளவு நேரம் படிச்சது நதிய இல்ல, பலகைய."

"நம்பிக்கை இல்லாதவங்க நடுவுல கம்பி வேலை செய்யாது," என்றார் டெல்மர்.

"நம்பிக்கையா? நேத்து விருந்துல உன் பேரச் சொல்லி ஜெபமே பண்ணினேன்யா!" என்று கத்தினார் கோச். டெல்மர் கம்பிகளை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, பலகையே இல்லாத வாசலைத் தப்பாமல் கண்டுபிடித்துப் போனார்.

வேட் பனிக் குவியலில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப என் முட்டி?"

"கிழிஞ்சதுதான் வேட்," என்றாள் ரோண்டா. "ஆனா பாதிதான். மீதி இன்னும் உன்கிட்ட இருக்கு."

அவன் அழுதான். இருபத்திரண்டு வயதுப் பையன், ஐந்நூறு பேர் முன்னால். கோச் அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தார். நான் குனிந்து கணுக்காலில் இருந்த செம்பைக் கழற்றினேன். அங்கே பச்சையாக ஒரு வளையம் படிந்திருந்தது. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை ஜெயித்தோம். கடைசி நிமிடத்தில் ஃபேர்லியின் பந்து உதைப்பவன் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தான், பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. ஊன்றுகோலோடு ஓரத்தில் நின்ற வேட் கத்திக் கத்தியே தொண்டையைத் தொலைத்தான். எட்டு வருடத்தில் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

திங்கட்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஏழு பேர். எல்லோரும் டெல்மரிடம் கம்பி வாங்கியவர்கள்.

"ஜெயிச்சதுக்குக் காரணம் ஒங்க சங்கிலிதான்னு ஊரே பேசுது. அதுல ஒரே ஒரு கண்ணி மட்டும் வெட்டிக் குடுங்க, வீட்ல மாட்டி வெச்சுக்கறோம்."

நான் சொன்னேன்: "இது பத்து கெஜம் அளக்கும். அதுக்கு மேல ஒரு மண்ணும் தெரியாது இதுக்கு. மத்ததெல்லாம் அளக்கத்தான் கழுத்துக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கீங்க. அத வெறும் தொப்பி மாட்டறதுக்குன்னு நெனச்சுக்காதீங்க."

ஏழு பேரும் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.