கம்பியைக் கடிப்பது எதற்கு?

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேனுங்க. அதுக்குள்ள அந்த எலிக வாயை அடக்கோணும். இல்லாட்டி டீச்சரம்மா வேற ஊடு பார்த்துக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பொன்னாயி மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டார். கூண்டுக்குள் இருந்த இரண்டும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கர்... கர்... என்று கடித்துக்கொண்டிருந்தன.

அவை எலிகள் அல்ல, ஹாம்ஸ்டர்கள். ரோஸ்லின் பள்ளி விடுமுறைக்குச் சேலம் போனபோது வாங்கி வந்தவை. பழுப்பு நிறத்தில் இருப்பது கடலை, வெள்ளை நிறத்தில் இருப்பது பொரி. ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அவை கம்பியைக் கடிக்கும் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டிக் கேட்கும்.

ரோஸ்லின், சோளக்காடு என்கிற மலைக் கிராமத்தை ஒட்டிய அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பொன்னாயி வீட்டின் இடது பகுதியில் அவள் குடியிருந்தாள். வலது பகுதியில், தோட்டக்கலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஆரோக்கியசாமி. நடுவில் பொன்னாயி. மூன்று பகுதிக்கும் ஒரே மின் இணைப்பு. சங்கடமே அதில்தான் தொடங்கியது.

மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து ரோஸ்லின் வீட்டில் வயர்கள் அறுபட்டுக்கொண்டிருந்தன. முதலில் போன் சார்ஜர். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. அதற்கப்புறம் மேசை விளக்கு. சாயங்காலம் ஹாம்ஸ்டர்களைக் கொஞ்ச நேரம் அறைக்குள் ஓடவிடுவாளாம், அப்போது கடித்துவிடுகின்றனவாம். ஒவ்வொரு முறையும் ஆரோக்கியசாமியின் வாசலில் வந்து நின்று, "சார், மறுபடியும் கடிச்சிடுச்சு" என்பாள். அவன் டெஸ்டரையும் இன்சுலேஷன் டேப்பையும் எடுத்துக்கொண்டு போவான். டேப்பை வெட்டக் கத்திரிக்கோல் கேட்டால் மட்டும் தரமாட்டாள். அது அம்மாவின் துணிக் கத்திரியாம். சின்ன வயதில் அதை வைத்துக் காகிதம் வெட்டியதற்கே முதுகில் வாங்கியிருக்கிறாளாம். அதனால் ஆரோக்கியசாமி டேப்பைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பான். வேலை முடிந்ததும் காபி வரும். காபி முடிந்ததும் பேச்சு வரும். வீடு திரும்பும்போது, அடுத்த வயர் எப்போது அறுபடும் என்று நினைத்துவிட்டு, தன்னைத்தானே கடிந்துகொள்வான்.

முந்தின நாள் சாயங்காலம் மேசை விளக்கின் வயரில் அவன் போட்ட ஒட்டு புகைந்து, மூன்று பகுதியிலும் கரண்ட் போய்விட்டது. பொன்னாயி பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் மருமகள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த நேரம் அது. பழி ஹாம்ஸ்டர்கள் மேல் விழுந்தது. ஒட்டுப் போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆரோக்கியசாமியும் சொல்லவில்லை.

சோளக்காட்டில் வாடகைக்கு வேறு வீடு காலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லினின் அம்மா அமலோற்பவம் சேலத்திலிருந்து வருகிறார். மகளை மாற்றல் வாங்கிக் கீழே வந்துவிடச் சொல்லி அவர் நச்சரித்துக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். குடியிருக்க வீடும் இல்லை என்று தெரிந்தால் கையோடு அழைத்துப் போய்விடுவார். ரோஸ்லின் போனபின் அவள் பகுதி பூட்டிக் கிடப்பதை நினைத்துப் பார்த்தான் ஆரோக்கியசாமி. உடனே எழுந்துபோய்க் கூண்டைத் தூக்கினான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் பழக்கிக் காட்டுறேன், டீச்சர். கம்பி கடிக்கிற பழக்கம் போச்சுன்னா வயர் கடிக்கிறதும் போயிடும்."

ரோஸ்லின் ஒரு டப்பா சூரியகாந்தி விதையை அவன் கையில் கொடுத்தாள்.

மிளகுக் கொடியில் ஓர் ஓட்டையைக் காட்டினால் போதும், எந்த வண்டு கடித்தது, எதைத் தெளிக்க வேண்டும் என்று ஆரோக்கியசாமி சொல்லிவிடுவான். அதே வழியில்தான் இதையும் அணுகினான். மிளகை இடித்து வேப்பெண்ணெயில் குழைத்து, கூண்டின் முன்பக்கக் கம்பிகளில் பூசினான். கடலை வந்து முகர்ந்தது. ஒரு தும்மல் போட்டது. பிறகு இரண்டும் சேர்ந்து பின்பக்கக் கம்பிகளைக் கடிக்க ஆரம்பித்தன. அவன் நான்கு பக்கமும் பூசிவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைக்கிற நினைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுநாள் சிவந்த கண்ணோடு அலுவலகம் போனவனை, கூட வேலை பார்க்கும் நந்தகுமார் தனியாகக் கூப்பிட்டு, அழ வைத்தது எந்தப் பெண் என்று விசாரித்தான். அதற்குள் விஷயம் தெரிந்து ரோஸ்லின் வந்து கூண்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தாள். "வாயில்லாத ஜீவனுக்கு மிளகா?" என்று பொன்னாயியிடம் கேட்டாளாம். வாய் இருப்பதுதானே பிரச்சினை என்று பொன்னாயி சொன்னாராம்.

அடுத்து போனில் தேடிப் பார்த்தான். பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், கடிக்க மரம் கொடுக்க வேண்டுமாம். கொய்யாக் குச்சிகளை வெட்டி வந்து கூண்டுக்குள் போட்டான். அவற்றை இரண்டும் கடிக்கவில்லை. ஏறின. அதுவரை எட்டாமல் இருந்த மேல்கம்பிகளும் இப்போது எட்டின. மேலே இருந்த கதவின் கொக்கியும் எட்டியது.

வேலை முடிந்து வந்தபோது கூண்டில் கடலை மட்டும் இருந்தது.

கட்டிலுக்கு அடியிலும் அரிசி டப்பாவுக்குப் பின்னாலும் தேடி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்த நேரத்தில், நடுவீட்டிலிருந்து பொன்னாயியின் குரல் கேட்டது. சாமை வைத்திருந்த கூடைக்குள் பொரி உட்கார்ந்திருந்தது. முகம் மட்டும் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது.

"ஏனுங்க சார், இதுக்கு அம்மை கண்டிருக்குதுங்களா?"

பொரி அவரையே பார்த்தபடி, கன்னத்தில் அடைத்திருந்த சாமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பியது. இத்தனை சின்ன வாயில் ஒரு பிடி தானியம் எப்படிப் போனது என்று ஆரோக்கியசாமி வாய்பிளந்து பார்த்தான். பொன்னாயி கோபப்படவில்லை. கோபத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொண்டது போல இருந்தது அவர் முகம்.

இடம் போதாததால்தான் கடிக்கின்றன என்று அடுத்த முடிவுக்கு வந்தான். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைப் பொன்னாயியிடம் கெஞ்சி வாங்கினான். வீட்டுக்குள் பஞ்சாரம், அதற்குள் கடலையும் பொரியும். மூங்கிலை அவை கடித்த வேகத்தைப் பார்த்தால் கம்பியைக் கடித்ததெல்லாம் வெறும் ஒத்திகை என்று தோன்றியது. விடிவதற்குள் பஞ்சாரத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. இரண்டும் மறுபடி கூண்டுக்கே போயின. படுக்க இடம் இல்லாமல் போன கோழியும் குஞ்சுகளும் ரோஸ்லினின் சமையலறையில் இருந்தன.

இதற்கிடையில் அவனுக்கு ஒரு வேலை பழகிப்போயிருந்தது. கர்... என்று சத்தம் கேட்டால், செய்கிற காரியத்தை விட்டுவிட்டு ஓடிவந்து ஒரு சூரியகாந்தி விதையை நீட்டுவான். சத்தம் நிற்கும். விதை தீர்ந்ததும் மறுபடி கர்... மறுபடி ஓட்டம். ஒரு நாள் முகத்தில் சோப்பு நுரையோடுகூட ஓடிவந்தான்.

ஒன்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. வயர் கடிக்கும் பழக்கத்தைச் சோதிக்க, பழைய வயர் துண்டு ஒன்றைக் கூண்டுக்குள் போட்டிருந்தான். கடலை அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. பொரி அதன்மேல் ஏறித் தூங்கியது. ஒரு பல்தடம்கூட அதில் இல்லை.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறப் போனவன், குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தான். கதவைத் திறப்பதற்கு முன் ஏதோ தோன்றி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். வீடு நிசப்தமாக இருந்தது. இரண்டும் பஞ்சுக்குள் சுருண்டு கிடந்தன. கதவைத் திறந்து உள்ளே போனான். கடலை ஒற்றைக் கண்ணைத் திறந்தது. எழுந்தது. சோம்பல் முறித்தது. நிதானமாக நடந்துவந்து, கம்பியை வாயில் வைத்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தது.

அவன் வெளியே போய் ஜன்னலில் நின்றான். சத்தம் நின்றது. உள்ளே வந்தான். கர்... வெளியே போனான். நிசப்தம். பஸ் போயே போய்விட்டது. அவன் இன்னும் உள்ளேயும் வெளியேயும் போய்க்கொண்டிருந்தான்.

களத்தில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்த பொன்னாயி ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார். "சொந்த ஊட்டுக்குள்ள போறதுக்கு என்னத்துக்குங்க இத்தனை ரோசனை?"

"அக்கா, அதுங்க பல்லுக்காகக் கடிக்கலீங்க. எனக்காகக் கடிக்குதுங்க."

பொன்னாயி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிளகைக் கிளறப் போனார்.

அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு முறையை மாற்றினான். கடிக்கும்போது திரும்பியே பார்க்கவில்லை. சும்மா இருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, விதை கொடுத்தான். சாயங்காலத்துக்குள் பொரிக்குப் புரிந்துவிட்டது. கடலை கொஞ்சம் பிடிவாதம் பிடித்துவிட்டு அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் ரோஸ்லின் வீட்டில் கூடினார்கள். விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கிப் பூசைக்கும் போய்வந்த அமலோற்பவம், மலைப்பாதை வளைவுகளின் களைப்போடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சேலத்தில் தையல் கடை வைத்திருப்பவர். மடியில் கைப்பை, அதற்குள் எழுதி முடித்த மாற்றல் விண்ணப்பம், கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வாசற்படியில் பொன்னாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆரோக்கியசாமி கூண்டை மேசைமேல் வைத்தான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கடலை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. கம்பிக்குப் பக்கத்தில் வந்தது. கடலை கம்பியை விட்டுவிட்டு, முன்னங்கால் இரண்டையும் தூக்கி, விதைக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"என்னங்க மந்திரம் போட்டீங்க?" என்று பொன்னாயி உள்ளேயே வந்துவிட்டார்.

அவன் விளக்கினான். காரணம் பசியும் இல்லை, பல்லும் இல்லை, இடமும் இல்லை. கடித்தால் ஆள் ஓடி வருகிறான் என்று அவை கண்டுபிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். தனியாக இருக்கும்போது கடிப்பதே இல்லை.

"அப்ப அந்த வயரு?" என்றார் பொன்னாயி.

பல்தடமே இல்லாத அந்த வயர்த் துண்டு அவன் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் தோற்க மனசில்லாமல், "அதுவும் இதே கதையாத்தானுங்க இருக்கும். யாரையோ வரவைக்கத்தான்" என்றான்.

காபித் தட்டோடு வந்த ரோஸ்லின் தட்டைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு டம்ளர் சாய்ந்தது. துடைக்கத் துணி தேடியவள், கையில் இருந்த துணியையே தேடினாள். காது இரண்டும் செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தன.

பொன்னாயி திருப்தியோடு தலையை ஆட்டினார். டீச்சரம்மா இங்கேயே இருக்கலாம், பஞ்சாரத்துக்கு மட்டும் சார் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அமலோற்பவத்துக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ஆனால் எதிரே நிற்கும் பையன் காலையில் பூசையில் முன்வரிசையில் இருந்ததை அவர் கவனித்திருந்தார். இப்போது அவனையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

சும்மா உட்கார்ந்து பழக்கம் இல்லாதவர். அந்தப் பிராணிகளுக்குப் படுக்க மெத்தென்று ஏதாவது வெட்டிப் போடலாம் என்று கொண்டுவந்திருந்த பழைய துணியை விரித்தார். மகளின் தையல் பெட்டியிலிருந்து தன் கத்திரிக்கோலை எடுத்தார். "நான் வெட்டித் தர்றேன்மா" என்று ரோஸ்லின் பாய்ந்து வருவதற்குள் வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

துணி வெட்டுப்படவில்லை. மடங்கி, வாய்க்குள் மாட்டிக்கொண்டது.

அமலோற்பவம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்திரிக்கோலை வெளிச்சத்தில் பிடித்தார். கூர் நெடுகப் பல் பல்லாகப் போயிருந்தது. திருகாணி இடுக்கில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மேசை விளக்கிலிருந்து தொங்கிய வயரைப் பார்த்தார். அதே சிவப்பு. கடைசியில் மகளைப் பார்த்தார்.

"ஏன்டி ரோஸி, துணி வெட்டத் தந்த கத்திரிக்கோலால எதுக்குடி இத்தனை வயரை வெட்டினே?"