எதிர்ப்பு இல்லை, சக்தி இல்லை

1934-ஆம் வருஷம், ஜோகூரில் சிம்பாங் ரெங்கத்துக்கு அடுத்த ஒரு சின்னப் பட்டணத்தில், சட்டையில் கத்தி மாதிரி மடிப்பு இல்லாதவன் மனுஷனே இல்லை என்றொரு நாகரிகம் பரவியிருந்தது. அதனால் டோபிக் கடை ஐயாசாமிக்கு வேலை குவிந்தது. அவன் மனைவி ராஜம்மாவுக்கு இருமல் குவிந்தது. நாள் முழுக்கக் கரிப்பெட்டியை, அதாவது கரி போட்டு எரிக்கும் இஸ்திரிப் பெட்டியை, ஊதி ஊதித் தேய்த்தவள் அவள். "இன்னும் ஆறு மாசம் இந்தப் புகையில் நின்றால் நெஞ்சு தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஐயாசாமி சிங்கப்பூருக்குப் போய் ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தான். பெட்டியின் முதுகில் 230 வோல்ட், 2 ஆம்பியர் என்று பொறித்திருந்தது. ஊரில் மின்சாரம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெட்டியைச் சொருகினால் போதும். ஆனால் சொருகுமுன் விண்ணப்பப் பாரம் நிரப்பி அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி.

பாரத்தில் நாலு கட்டம்: வோல்ட், ஆம்பியர், எதிர்ப்பு, சக்தி. முதல் இரண்டும் பெட்டியிலேயே இருந்தன. மற்ற இரண்டுக்கு, முன்பு வயர்மேனாக இருந்து இப்போது சாயாக்கடை வைத்திருக்கும் நைனா முகம்மதுவிடம் போனான்.

"இது பெரிய வித்தையா, ஐயாசாமி? வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா எதிர்ப்பு, அதாவது கரண்டத் தடுக்கிற அளவு. இருநூத்தி முப்பத ரெண்டால வகுங்க, நூத்திப் பதினஞ்சு ஓம். ரெண்டையும் பெருக்கினா சக்தி. நானூத்தி அறுபது வாட்." சாயா ஆறுவதற்குள் நைனாவே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மின்சார ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சபாபதி அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"என்னய்யா இது? கவர்மெண்ட்டு பாரத்துல மந்திரம் எழுதி வச்சிருக்க?"

"மந்திரமா?"

"ஓம்னு போட்டிருக்கியே! யார் எழுதினது?"

"நைனா முகம்மது பாய்ங்க."

கிராணி சற்று நேரம் கூரையைப் பார்த்தார். இது அவர் படித்த எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத நிலைமை.

"சரி, அத விடு. எதிர்ப்பு நூத்திப் பதினஞ்சா? கவர்மெண்ட்டு குடுக்கிற கரண்டுக்கு ஒரு எதிர்ப்பு இருந்தாலே விசாரணை. நீ நூத்திப் பதினஞ்சு வச்சிருக்க! சக்தி வேற நானூத்தி அறுபதா? இந்த ஆபீஸ்ல பதினோரு வருஷமா இருக்கேன், எனக்கே அவ்வளவு சக்தி கிடையாது லா."

பத்து நாளில் கடிதம் வந்தது. 'மேற்படி பெட்டியின் எதிர்ப்பையும் சக்தியையும் தலா பாதியாகக் குறைத்துக்கொண்டு மறுவிண்ணப்பம் செய்யும்படி இதனால் அறிவிக்கப்படுகிறது.'

நைனா சிரித்த சிரிப்பில் சாயா கொட்டிவிட்டது. "அலமாக்! வோல்ட் மாறாதுல்ல. எதிர்ப்பப் பாதியாக்கினா கரண்டு ரெண்டு மடங்கு ஓடும். சக்தி தொள்ளாயிரத்தி இருபது ஆயிடும். சக்தியக் குறைக்கணும்னா எதிர்ப்பக் கூட்டணும். ரெண்டையும் ஒண்ணாக் குறைக்க முடியாதுங்க."

இதை ஐயாசாமி வார்த்தை பிசகாமல் கிராணியிடம் ஒப்பித்தான்.

"அப்படி யார் விதி போட்டா? எங்க ஆபீஸ் போடலயே?"

"யாரோ ஜெர்மன்காரராம். அவர் பேருதான் ஓமாம்."

கிராணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "ஜெர்மன்காரனோட சண்டை முடிஞ்சு பதினாறு வருஷம்தான் ஆவுது. ஜெர்மன்காரன் விதியக் கொண்டாந்து ஜோகூர்ல பேசுறியே! குடும்பம் குட்டியெல்லாம் இருக்குல்ல? பேசாம குறைச்சு எழுதிட்டு வா."

வீட்டுக்கு வந்தால், கரிப்பெட்டிமேல் குனிந்து ராஜம்மா இருமிக்கொண்டிருந்தாள். ஐயாசாமி புதுப் பாரத்தை எடுத்தான். எதிர்ப்பு: இல்லை. சக்தி: இல்லை. கையெழுத்துப் போட்டான்.

மறுநாளே அனுமதி கிடைத்தது. கிராணி எழுந்து நின்று கைகுலுக்கினார். "இந்த ஊருக்கு ஒன்ன மாதிரி ஆளுதான் வேணும்!"

பெட்டி சூடேறியது. புகை இல்லை. ஒரே மாதத்தில் ராஜம்மாவின் இருமல் குறைந்தது. ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து, ஒரு பொய்க்கு இவ்வளவு பலனா என்று அவன் ஆச்சரியப்பட்டான்.

ஆச்சரியம் ஊருக்கும் பரவியது. விளக்கு வைத்தவர், மின்சாரக் காற்றாடி வைத்தவர், ரொட்டிக் கடைக்காரர், எல்லாரும் பழைய பாரத்தை வாங்கிக் கிழித்துவிட்டு 'இல்லை, இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு பாரம். நைனாவும் தன் கடை விளக்குக்கு அப்படியே எழுதினார். "கணக்குத் தப்புதான். ஆனா முத்திரை குத்திட்டாங்களே!" சபாபதி தம் வீட்டுக் காற்றாடிக்கும் எழுதி, தாமே சிபாரிசு செய்து, தாமே முத்திரை குத்தினார்.

வருஷக் கடைசியில் தலைமை ஆபீஸ் எல்லாப் பாரங்களையும் வரவழைத்து, ஊருக்குத் தேவையான மொத்தச் சக்தியைக் கூட்டிப் பார்த்தது. நான்கு அதிகாரிகள் தனித்தனியே கூட்டினார்கள். நால்வருக்கும் ஒரே விடை: பூஜ்யம். தேவையே இல்லாத ஊரில் மின்சாரம் தயாரிக்கும் இயந்திரம் எதற்கு? இரண்டு லாரிகள் வந்து மின்சார இயந்திரத்தை வேறு பட்டணத்துக்கு ஏற்றிப் போயின.

அன்று மாலையே ஊர் இருண்டது. ராஜம்மா பரண்மேல் இருந்த கரிப்பெட்டியை இறக்கி, வாசலில் காற்று வரும் பக்கமாக வைத்து ஊதத் தொடங்கினாள். அந்தக் கரியின் நெருப்பு ஐயாசாமியைத்தான் சுட்டது. தானே முன்னின்று ஊரைக் கூட்டி, நூற்று நாற்பத்திரண்டு கையெழுத்தோடு தலைமை ஆபீஸுக்குக் கண்டன மனு அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. அதை வாசிக்கச் சந்தைத் திடலில் எல்லாரும் கூடினார்கள். வியர்வையில் நனைந்த கோட்டோடு சபாபதி உரக்கப் படித்தார்.

"'தாங்கள் தெரிவித்துள்ள எதிர்ப்பு பரிசீலிக்கப்பட்டது. தங்களில் எவருக்கும் எதிர்ப்பு இல்லையென்று ஒவ்வொருவரும் கையொப்பமிட்ட பாரங்கள் இவ்வலுவலகத்தில் பத்திரமாக உள்ளன. ஆகவே மனு செல்லாது.'"

 நைனா தலையைச் சொறிந்தார். ஐயாசாமி தன் செருப்பைப் பார்த்தான். கிராணி மட்டும் வழக்கப்படி கேட்டார்: "இதுக்கு யாருக்காச்சும் எதிர்ப்பு உண்டா?"

கூட்டம் ஏகமனதாகக் கலைந்தது.