அச்செத்தோன் அண்ணையின் வெடிக்காத வாணம்

வாணம் செய்தவர்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். வெடிக்கவே கூடாது என்று மண்டையை உடைத்துக்கொண்டு வாணம் செய்தவர் இத்தாலியின் பலெர்மோவில் இருந்த எங்கள் அச்செத்தோன் அண்ணை ஒருவர்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரின் கடதாசிகளில் பத்திரமாக இருந்தபடியால் நாங்கள் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கால்சாப் பகுதியில், துறைமுகத்துக்குக் கிட்ட, பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அவர் எனக்கு எதிர்வீடு. மன்னார்க்காரர். ஒரு சின்யோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் தரை துடைக்கிற வேலை. ஆறு வருசம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்கு அலைந்து, கடைசியில் மனைவி திரேசாவைக் கூப்பிட்டு எடுத்தார். அவள் வந்து மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, ஏதோ ஒரு புனிதரின் திருநாள் என்று ஊரார் குண்டு குண்டாக வெடி போட்டார்கள். பரலோகத்தில் இருப்பவர்களுக்குக் காது மந்தம் என்பது சிசிலிக்காரரின் அசைக்க முடியாத நம்பிக்கை. திரேசா கட்டிலுக்குக் கீழே போனவள் மத்தியானம்தான் வெளியே வந்தாள்.

"நான் திரும்பிப் போறன்" என்றாள். "அங்கையெண்டா எந்தப் பக்கத்தாலை ஷெல் வருமெண்டாவது தெரியும்."

யூலையில் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் பெருநாள். அன்றைக்குக் கால்சாக் கடற்கரையில் போடுகிற வெடிக்கு எங்கள் அலுமாரிக் கோப்பைகள் தாமாகவே இடம் மாறும். அதற்குள் திரேசாவின் பயம் தெளியாவிட்டால் அவள் சண்டைக்குள்ளேயே திரும்பிப் போய்விடுவாள். அந்தக் கிழமை மட்டும் ஊருக்கு வெளியே சியாகுல்லிப் பக்கம் போய்த் தோடை மரங்களுக்குள் இருங்கோ என்று நான் யோசனை சொன்னேன். அது மிகவும் சுலபமான யோசனை, அதனால் அண்ணைக்குப் பிடிக்கவில்லை.

"தங்கச்சி, நெருப்பெண்டால் வெடிக்குமெண்டு அவவின்ரை மனசிலை பதிஞ்சு போச்சு. சத்தமில்லாமல் பூக்கிற நெருப்பை ஒருக்கால் காட்டினால் எல்லாம் சரி."

மன்னாரில் கோயில் திருநாளுக்கு வாணம் கட்டியவர்களுக்குக் கைகொடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. அங்கே மருந்துப் பொடியைக் கஞ்சிப்பசை விட்டுத்தான் பிசைவார்கள். கால்சாவின் கடற்காற்றில் கஞ்சிப்பசை காயாமல் பூஞ்சணம் பிடித்தது. அப்போதுதான் சின்யோரா எறிந்த பழைய சஞ்சிகை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். பிங்பொங் பந்தை அச்செத்தோனில் கரைத்தால் ஒரு வார்னிஷ் வரும், அது பொடியை ஒட்டும், கெதியாகக் காயும் என்று அதில் போட்டிருந்தது. வாசித்துச் சொன்னது நான்தான். அந்தப் பாவத்தை மறைக்க விரும்பவில்லை.

அச்செத்தோன் என்றால் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர். ஆனால் இத்தாலியில் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு வருத்தத்துக்கும் அதே பெயர். பிள்ளை சத்தி எடுத்தால் தாய்மார் வாயை மணந்து பார்த்து, "அச்செத்தோன்" என்று தீர்ப்புச் சொல்லி, இனிப்பாக ஏதாவது பருக்குவார்கள். இது தெரியாமல் அண்ணை போய்ச் சின்யோராவிடம் கேட்டிருக்கிறார்.

"'சின்யோரா, இயோ அச்செத்தோன்', நான் அச்செத்தோன், எண்டுதான் சொன்னன். வாயை மணந்திட்டுச் சோபாவிலை படுக்க வைச்சிட்டா. கரண்டியாலை கோலா பருக்கினவ."

"போத்தலிலை இருக்கிற அச்செத்தோன் எண்டு விளங்கப்படுத்தியிருக்கலாமே அண்ணை?"

"எப்பிடிக் கதைக்கிறது? வாய்க்குள்ளை கரண்டியெல்லே!"

மூன்று நாள் சம்பளத்தோடு ஓய்வு, அவித்த சோறு, மூன்று வேளையும் கோலா. நாலாம் நாள் தொடக்கம் கால்சாத் தமிழரிடமும் சீசாப் பகுதித் தமிழரிடமும் அவருக்குப் பெயர் அச்செத்தோன் அண்ணை. போத்தலைக் கடைசியில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பந்துகள் பங்குக் கோயில் மண்டபத்தில் இருந்தன. காசு கொடுத்து வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அண்ணை விளையாடப் போனார். விளையாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. மட்டை பந்தில் பட்டதை யாரும் பார்த்ததில்லை, கால் மட்டும் தவறாமல் பட்டது. "ஐயோ, நசிஞ்சு போச்சு" என்று துக்கத்தோடு எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுவார். வேலை முடிந்து ஒரு நாள் தவறாமல் வருகிற இந்த ஆர்வத்தைக் கண்டு இத்தாலியச் சுவாமியார் உருகிப்போனார். பூசை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் கைகுலுக்கி, ஒரு பெட்டி புதுப் பந்தைப் பரிசாகக் கொடுத்தார். அண்ணை வெட்கத்தில் கறுத்துப்போனார். பந்துகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வார்னிஷ் வந்தது. ஜாம் போத்தலுக்குள் வெள்ளைக் கூழ். கட்டடம் முழுக்க, நூறு மணப்பெண்கள் ஒரே நேரத்தில் நகத்தை அழித்ததுபோல மணம். சிகரெட்டோடு யாரும் கிட்ட வராமல் பல்கனிக்கு நான் காவல்.

பெருநாள் அன்று பின்னேரம், பல்கனியில் இரும்புச் சட்டிக்குள் ஒவ்வொரு வாணமாக வைத்தார். திரேசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். முதலாவது பற்றவில்லை. இரண்டாவதும் பற்றவில்லை. மூன்றாவதுக்கு என்ன குறை என்று அண்ணை குனிந்து பார்த்தார்.

புஸ் என்று ஒரு வெள்ளை நெருப்பு எழும்பி, நாங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சத்தமே இல்லை. சொன்னதைச் செய்துவிட்டார். அவருடைய மீசையின் இடது பாதியையும் காணவில்லை.

திரேசா காதிலிருந்து கையை எடுத்தாள். "முடிஞ்சுதோ?"

"ஓம்."

"இதுக்கோ இவ்வளவு நாளும்?"

சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அந்த நேரம் பார்த்துக் கடற்கரையில் முதல் வெடி விழுந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. அவள் முகம் வெளிறி, அண்ணையின் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். போச்சு எல்லாம் என்று நினைத்தேன். இரண்டாவது வெடியும் விழுந்தது. அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். திறந்த கண்ணுக்கு நேரே அந்த அரை மீசை. சட்டையை விடாமலே திரும்பவும் சிரித்தாள்.

"மற்றப் பக்கத்தையும் வழிச்சுப்போட்டு வாங்கோ. இந்தக் கோலத்திலை உங்களைக் கூட்டிக்கொண்டு நான் கடற்கரைக்குப் போகேலாது."

அண்ணை சவர அலகைத் தேடுகிற சாட்டில் உள்ளே போய் விம்மி விம்மி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்படி ஒரு மடையனை அதற்குப் பிறகு நான் எங்கேயும் காணவில்லை. இன்னும் ஒருவரைக் காண ஆசையாக இருக்கிறது.