லகான் அக்கா போட்ட பதவி உயர்வு ஆணை

முப்பத்தாறு வருடம் போர்ட் பிளேரில் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: இந்தத் தீவுகளில் விதிமுறைப்படி நடந்த ஒரே அலுவலகம் லகான் அக்காவின் குதிரை லாயம்தான். அங்கே ஊழியர்கள் மூன்று பேர். பிஸ்கெட், லட்டு என்று இரண்டு மட்டக்குதிரைகள். மேம்சாப் என்று ஒரு பெரிய குதிரை. மூன்றுக்கும் வருகைப் பதிவேடு உண்டு. தாமதமாக எழுந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு விழும்.

அக்காவின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. ஆண்கள் துண்டு போடுகிற மாதிரி கழுத்தில் எப்போதும் ஒரு பழைய லகான் தொங்கும். கடைக்கும் அப்படித்தான் போவாள், கல்யாணத்துக்கும் அப்படித்தான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வயது நாற்பத்தைந்து இருக்கும். கடற்கரைக்கு வரும் குழந்தைகளை மட்டக்குதிரையில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போவது தொழில். மேம்சாப் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளை சுமக்கும்.

லம்பா லைன் குடியிருப்பில் அவள் வீட்டுக்கு இடது பக்கம் ஒரு கிளார்க், வலது பக்கம் ஓர் ஓவர்சியர், எதிரே ஓய்வு பெற்ற சூப்பரிண்டெண்டெண்ட் ஆகிய நான். ஆர்டர் இல்லாமல் நடக்கும் எதுவும் செல்லாது என்ற நம்பிக்கை இந்தச் சூழலில் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு அந்த நம்பிக்கை சர்வீஸில் சேர்ந்த பத்து வருடத்திலேயே போய்விட்டது.

ஒரு நாள் காலையில் என் வாசலில் வந்து நின்றாள்.

“சூப்ரண்டு சார், லட்டு ஒரு மெயின்லேண்டு மேடத்தோட தலையில இருந்த டோபியைத் தின்னுட்டான். மெமோ போடணும்.”

“குதிரைக்கா?”

“பின்ன எனக்கா? நானா தின்னேன்?”

போட்டேன். ‘பணி நேரத்தில் சுற்றுலாப் பயணியின் ஓலைத் தொப்பியை உட்கொண்டதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’ மூன்றாம் நாள் மறுபடி வந்தாள்.

“லட்டுவோட பதிலையும் நீங்களே எழுதிருங்க சார். அவனுக்கு சைன் மட்டும்தான் வரும்.”

புல் என்று நினைத்து நல்லெண்ணத்தில் நடந்த தவறு என்று எழுதிக் கொடுத்தேன். அடியில் குளம்பை மையில் தோய்த்துப் பதித்துவிட்டு, விளக்கத்தை ஏற்று எச்சரிக்கையோடு விட்டுவிட்டாள். என் சர்வீஸில் இதைவிட மோசமான விளக்கங்களுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறேன்.

இந்த லாயத்தில்தான் என் பேத்தி ரோஷ்னி ஏழு வயதிலிருந்து ஞாயிறுதோறும் பிஸ்கெட் மேல் சவாரி செய்தாள். பதினாலு வயதில் அவள் பப்பாளி மரம்போல வளர்ந்தாள். பிஸ்கெட் வளரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஆறு கால் குதிரை ஒன்று வருவதுபோல இருக்கும்.

லாயத்தில் ஒரு விதி: மட்டக்குதிரை மேல் நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. அமைச்சரே வந்தாலும் தளர்வு கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு, கொப்பரை மூட்டை நிறுக்கும் பழைய மேடைத் தராசில் எல்லாப் பிள்ளைகளும் ஏறி நிற்க வேண்டும். அந்த மாதம் ரோஷ்னி நாற்பத்திநாலரை. அக்கா வாயில் எந்தப் பெண்பிள்ளையும் ‘பேட்டி’, மகள்தான்.

“முபாரக் ஹோ பேட்டி! அடுத்த மாசம் உனக்கு ப்ரமோஷன். பிஸ்கெட்டை விட்டு மேம்சாப்புக்குப் போறே.”

அன்றே மேம்சாப் மேல் ஏற்றி, அக்கா லகானைப் பிடித்து ஒரு சுற்று நடத்தினாள். ரோஷ்னி இறங்கி, “நல்லா இருக்கு” என்றாள். பிறகு நேரே போய் பிஸ்கெட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் பதவி உயர்வு ஆணையைத் தட்டச்சு செய்து, தேதியை மட்டும் காலியாக விட்டு வைத்தேன்.

அடுத்த மாதம் நாற்பத்திமூன்று. அதற்கடுத்த மாதம் நாற்பத்தொன்றரை. அக்கா தராசைச் சந்தேகப்பட்டாள். என்னை ஏற்றினாள். எழுபத்தெட்டு.

“தராசு பக்கா. நீங்கதான் சார் ஜாஸ்தி.”

ஆணை தேதி இல்லாமல் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. வளருகிற வயது, உடம்பு உயரத்துக்குப் போகிறது என்று நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டேன்.

மர்மம் உடைந்தது ஒரு ஞாயிறு, கடற்கரையில் சேணம் கட்டும்போது. பிஸ்கெட்டின் வயிற்றைச் சுற்றி வாரை இழுத்த அக்கா அப்படியே நின்றாள்.

“போன மாசம் நாலாவது ஓட்டைல கொக்கி மாட்டினேன். இப்ப ரெண்டாவதுக்கே வரமாட்டேங்குது. பேட்டி இளைக்கிறா, இவன் பெருக்கிறான். க்யா சல் ரஹா ஹை? என்ன நடக்குது இங்க?” குனிந்து பிஸ்கெட்டின் வாயைப் பார்த்தாள். உதடெல்லாம் மஞ்சள். விரலால் தொட்டு மோந்தாள். “சார், உங்க வீட்ல இன்னிக்கு லெமன் ரைஸா?”

லெமன் ரைஸ்தான். ரோஷ்னியின் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தது. அதற்கு முந்தின வாரம் சப்பாத்தி. பள்ளிக்குக் கொண்டுபோன டிபன்களும் பிஸ்கெட்டுக்கே போயின என்று பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டவன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். மணலில் ரோஷ்னி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏம் பேட்டி, பிஸ்கெட்டை விட்டுப் போக மனசில்லையா?”

ரோஷ்னி மணலைக் கிளறினாள்.

“பயமா இருக்குக்கா. பிஸ்கெட் மேல இருந்தா காலை நீட்டினா தரை வந்துடும். மேம்சாப் மேல உக்காந்து கீழ பாத்தா தரையே இல்ல. எல்லாரும் சிரிப்பாங்க. வெயிட் ஏறலைன்னா ஏற வேண்டாம்ல?”

இனி சவாரியே வேண்டாம் என்று நான் முடிவு சொல்லியிருப்பேன். தடை ஆணை போடுவது எனக்குச் சுலபமாக வரும். அக்கா கழுத்து லகானை அவிழ்த்தாள், மறுபடி சுற்றிக்கொண்டாள்.

“யாரு சிரிப்பா? மேம்சாப் கப்பல்ல வந்து எட்டு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது நான் அவ மேல உக்காந்து பாத்திருக்கியா?”

ரோஷ்னி யோசித்தாள். நானும் யோசித்தேன். பார்த்ததே இல்லை. எல்லாக் கல்யாண ஊர்வலத்திலும் அக்கா கீழேதான் நடந்தாள். அது பணிவு என்று ஊரே நினைத்திருந்தது.

“எனக்கும் பயம்தான். யார்கிட்டயும் சொல்லாதே, உன் தாத்தா ஃபைல்ல ஏத்திடுவாரு.” எழுந்து மணலைத் தட்டினாள். “சார், அந்த ஆர்டர்ல ரெண்டு பேர் போடுங்க. சீனியாரிட்டிப்படி நான் முதல்ல.”

என் பேனாவை எடுத்து அங்கேயே எழுதினேன். தேதியும் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தக் கடற்கரை மறந்திருக்காது. ஒரு ஸ்டூல், ஸ்டூலுக்குக் கீழே ஒரு செங்கல், பின்னாலிருந்து தாங்க பக்கத்து வீட்டு ஓவர்சியர். மூன்றாவது முயற்சியில் அக்கா மேலே போய்ச் சேர்ந்தாள். கண்ணை இறுக மூடி, பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்து, கழுத்தின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். முழங்கால் இரண்டும் நடுங்கின. முகத்தில் நடிக்கலாம், முழங்காலில் நடிக்க முடியாது.

“அரே முருகா! மேம்சாப், ஹிலோ மத், ஆடாதே! மூச்சு விடாதேடி!”

“அக்கா, அவ சும்மாதான் நிக்கிறா. கண்ணைத் திறங்க.”

“திறக்க மாட்டேன்.”

“கீழ பாக்காதீங்க. அவ காதுக்கு நடுவுல பாருங்க. நான் பிடிச்சிருக்கேன்ல!”

ரோஷ்னி லகானைப் பிடித்து நடந்தாள். அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். பத்தடி போனதும் இன்னொன்றையும் திறந்தாள். முதுகை நிமிர்த்தச் சொல்லி, குதிகாலைத் தாழ்த்தச் சொல்லி, மயிரை விடச் சொல்லி, ரோஷ்னி ஒரு மேலதிகாரியின் குரலில் அதட்டிக்கொண்டே போனாள். இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாறை வரை போய்த் திரும்பியபோது அக்காவின் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நான் ஜாயின் பண்ணிட்டேன். அடுத்து நீ.”

ரோஷ்னி என்னைப் பார்க்கவில்லை. ஹெல்மெட் வாரை மாட்டினாள், ஸ்டூலில் ஏறினாள், சேணத்தில் உட்கார்ந்தாள். லகானை இறுகப் பிடித்தாள். அக்கா கூடவே வரக் கையை நீட்டினாள்.

“வேண்டாம்க்கா. விடுங்க.”

அக்கா விட்டாள். மேம்சாப் நடந்தது. அலை ஓரமாக நடந்து, பிறகு துள்ளு நடைக்கு மாறி, பாறையைத் தாண்டிப் போய் மறைந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்த்தபடி, “சீட்டுல உக்காரு, சீட்டுல உக்காரு” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் திரும்ப வரும்வரை நான் அலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரோஷ்னி இறங்கியதும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. தொப்பென்று மணலில் உட்கார்ந்து, “பயங்கரமா பசிக்குது” என்றாள்.

அவளுடைய தூக்கு காலி. உள்ளே இருந்தது பிஸ்கெட்டின் வயிற்றில் இருந்தது. அக்கா தன் டிபனைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். சோறும் சூரை மீன் குழம்பும். ரோஷ்னி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பிட்டாள், கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டாள். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“உங்களுக்கு சாப்பாடு, அக்கா?” என்றாள் ரோஷ்னி, எல்லாம் முடிந்த பிறகு நினைவு வந்தவளாக.

“எனக்கு இன்னிக்கு விரதம் பேட்டி.”

மீன் குழம்பு கட்டி எடுத்துவந்து இருக்கும் விரதம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அக்காவின் கைக்கு எட்டும்படி வைத்தேன்.