கரடி கொடுத்த ரசீது

மைக் கையில் கிடைத்தால் நான் பொய் சொல்வேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மைக் இல்லாத நேரத்தில் நான் யோக்கியன்தான். கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசக்கூட வாய் வராது. ஆனால் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று என் குரலை நானே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், உள்ளேயிருந்து வேறு ஒருத்தன் எழுந்து வந்துவிடுவான். அவன் செய்த வேலைக்குத்தான் ஒரு பகல் முழுக்க நான் கரடியாக உட்கார்ந்திருக்க நேர்ந்தது.

ஏழெட்டு வருஷம் இருக்கும். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் எங்கள் சங்கம் நடந்துகொண்டிருந்தது. கல்வராயன் மலை ஊர்களில் பருவநிலை மாற்றம் பற்றி எடுத்துச் சொல்வது எங்கள் வேலை. மொத்தமே இரண்டு பேர். நான் தலைவர், செயலாளர், பேச்சாளர். மல்லிகா மிச்ச வேலையெல்லாம். (அதாவது, வேலையெல்லாம்.) மல்லிகா மலைக்காரப் பெண். பி.ஏ. முடித்தவள். அவள் ஊரில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண்ணும் அவள்தான்.

அந்த மாதத்தோடு எங்களுக்கு வந்துகொண்டிருந்த நிதி முடிகிறது. சென்னையில் ஒரு அறக்கட்டளைக்குப் புதிதாக விண்ணப்பம் போட்டிருந்தோம். அது கிடைக்காவிட்டால் அறையைப் பூட்ட வேண்டியதுதான். எனக்கு ஒன்றும் ஆகாது. என் மனைவி செல்வி டீச்சர், திட்டிக்கொண்டே சோறு போட்டுவிடுவாள். மல்லிகாவின் கதை வேறு.

“சார், குடகுக்குக் காபி பறிக்க எங்க ஆளுங்க வண்டி புடிச்சிக்கினு போறாங்க. நானும் பேர் குடுத்துட்டேன்.”

“இன்னாம்மா இது, பி.ஏ. படிச்சிட்டு...”

“பி.ஏ.வ வெச்சிக்கினு உலை வெக்க முடியுமா சார்? நிதி வந்துதுன்னா சொல்லுங்க, பேர எடுத்துடறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. எப்படியாவது அந்த நிதியை வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். (நான் முடிவு செய்தால் ஏதோ கெடப்போகிறது என்று அர்த்தம்.) விண்ணப்பத்தில் ஏற்கெனவே வெளுத்துக் கட்டியிருந்தேன். ‘இம்மலை மக்களுக்குப் பருவநிலை மாற்றம் குறித்து அறவே ஒன்றும் தெரியாது’ என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். எழுதிவிட்டு, அடடா என்ன வரி என்று நானே இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

அறக்கட்டளையிலிருந்து வசந்தா மேடம் என்பவர் நேரில் வந்து எங்கள் நிகழ்ச்சியைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. கூட்டம் காட்டியாக வேண்டும். வாடகை ஜீப்பில் குழாய் மைக்கைக் கட்டிக்கொண்டு நானும் மல்லிகாவும் மலையேறினோம். முதல் இரண்டு ஊரிலும் “பருவநிலை மாற்ற விழிப்புணர்வு நிகழ்ச்சி” என்று ஒழுங்காகத்தான் சொன்னேன். மர நிழலில் படுத்திருந்த ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாவது ஊரில் உள்ளே இருந்தவன் எழுந்துவிட்டான்.

“மழை விஷயமா மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் வராங்க! மழை ஏன் வரல, எப்ப வரும், எல்லாம் அவங்க கையிலதான் இருக்குது! தவறாம வந்துடுங்க!”

மல்லிகா என்னைப் பார்த்தாள். “ஜாஸ்தியா பேசறீங்க சார்.”

“கூட்டம் வரணுமா, வேணாமா?” என்றேன்.

நிகழ்ச்சியன்று பள்ளிக்கூடத்துப் புளிய மரத்தடியில் கூட்டமென்றால் கூட்டம், அப்படி ஒரு கூட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு நாடகம் போடுவதாக ஏற்பாடு. பனி உருகி வீடிழந்த பனிக்கரடி மேடைக்கு வந்து அழும், மக்களுக்கு விழிப்புணர்வு வந்துவிடும். (நாடகம் எழுதியதும் நானே.) கரடியாக நடிக்க வேண்டிய சின்னசேலம் கலைஞர் காலையில் போன் செய்து, “வவுத்தால போகுது சார்” என்று சொல்லிவிட்டார். வேறு வழி? சட்டையைக் கழற்றிவிட்டு நானே கரடித் தோலுக்குள் நுழைந்தேன்.

சங்கராபுரம் தையல்காரர் தைத்த உடுப்பு அது. அவர் பனிக்கரடியை ஜென்மத்தில் பார்த்ததில்லை. பழைய போர்வைக்குள் இலவம்பஞ்சு திணித்து, முதுகில் நாடா வைத்திருந்தார். அவிழ்ந்துவிடப் போகிறதென்று மல்லிகா பத்து முடிச்சு போட்டாள். கழுத்துக்கு மேலே முகமூடி, கீழே வேர்வை.

நான் மேடையேறி “ஐயோ, என் வீடு உருகிப் போச்சே!” என்று அழுதேன். ஒருவருக்கும் அழுகை வரவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். பெயர் சின்னப்பொண்ணு, சாமை பயிரிடுகிறவர்.

“இது இன்னா சார், ஆடா?”

“கரடிம்மா.”

“எங்க காட்டுக் கரடி கருப்பால்ல இருக்கும்? இதுக்கு இன்னா நோவு, இப்படி வெளுத்துப் போச்சு?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் சின்னப்பொண்ணு, “சரி, கரடி கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்” என்று என்னை ஓரங்கட்டிவிட்டு, இடுப்பிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தா மேடத்திடம் நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை. எல்லார் கையிலும் காகிதம். மனு!

காரில் ஆபீசர் வந்தால் மனு கொடுப்பது மலையில் வழக்கம். ரோடு கேட்டு, பட்டா கேட்டு, பஸ் கேட்டுக் கொடுத்துப் பழகியவர்கள். மழைக்கு ஆபீசர் வருகிறார் என்றால் சும்மா வருவார்களா?

“யாரும்மா எழுதிக் குடுத்தது?” என்று முகமூடிக்குள்ளிருந்து மல்லிகாவின் காதில் சீறினேன்.

“நான்தான் சார். ரெண்டு நாளா வூட்டு வாசல்ல ஆளுங்க. எங்க சார் பொய் சொல்லிட்டாருன்னு நான் எப்படிச் சொல்றது?”

வசந்தா மேடம் முதல் மனுவைச் சத்தமாகப் படித்தார். ‘பொருள்: ஆடி மழை தவறுவது சம்பந்தமாக. அம்மா, ஆடியில் சாமை விதைப்போம். நாலு வருடமாக ஆடியில் பெய்யாமல், கதிர் முற்றி அறுக்கும்போது ஒரே நாளில் கொட்டி எல்லாவற்றையும் சாய்த்துவிடுகிறது. ஆகவே மழையை உரிய மாதத்தில் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

அடுத்த மனு, தேன்கூடு கட்டும் மாதம் தள்ளிப்போனதைப் பற்றி. அடுத்தது, பலாப்பிஞ்சு வெயில் தாங்காமல் உதிர்வதைப் பற்றி. எந்த ஊற்று எந்த மாதம் வற்றியது என்று ஒருவர் வரிசையாக எழுதச் சொல்லியிருந்தார். எனக்கு வேர்வை போய் வெட்கம் வந்தது. அறவே ஒன்றும் தெரியாது என்று எழுதினேனே, பாவி!

மேடம் காகிதத்தை மடித்தார். “அம்மா, நான் மழை ஆபீசர் இல்ல. என்னால மழை தர முடியாது. உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டாங்க.”

செத்தேன் என்று நினைத்தேன். மல்லிகா தலை குனிந்துகொண்டாள். குடகு வண்டி அவள் கண்முன்னால் வந்து நின்றிருக்கும்.

சின்னப்பொண்ணு அசரவே இல்லை. “அது தெரியும்மா. மழைய யாரு தர முடியும்? கேட்டுக்க ஒரு ஆளு வந்தீங்களே, அதுக்குத்தான் எழுதினோம். வாங்கி வெச்சிக்குங்க. ஆனா ரசீது வேணும்.”

மேடம் சுற்றும் முற்றும் பார்த்தார். “யாராவது எழுதுங்களேன்” என்றார். மல்லிகா மனுக்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். சும்மா நின்றது கரடி ஒன்றுதான். முடிச்சு அவிழவில்லை, கத்தரிக்கோலால் உடுப்பின் கைநுனியை வெட்டி என் விரல்களை மட்டும் வெளியே எடுத்துவிட்டார்கள். மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு, மிச்சமிருந்த நிகழ்ச்சி நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் ‘மனு பெறப்பட்டது’ என்று ஒவ்வொன்றாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சின்னப்பொண்ணு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சீல் எங்க?” சங்கத்து சீலையும் குத்தினேன். தூரத்தில் ஒரு நாய் கடைசிவரை என்னைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

ஜீப்பில் ஏறியதும் மேடம் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்: “ஒன்னும் தெரியாத மக்கள்னு எழுதியிருந்தீங்க.”

“தப்புதான் மேடம். தெரியாதவன் நான்தான்.”

“அப்ப அதை அடிச்சிட்டு வேற எழுதுங்க. நீங்க பேசறதுக்கு நிதி கேட்காதீங்க. அவங்க சொல்றதை நாலு பேருக்குக் கேட்க வைக்கிறதுக்குக் கேளுங்க. மல்லிகாவை எழுதச் சொல்லுங்க.”

மல்லிகா எழுதினாள். நிதி வந்தது. குடகுக்குப் போன வண்டியில் அவள் இடம் காலியாகப் போனது. அந்த மனுக்களைச் சந்தையிலும் பள்ளிக்கூடங்களிலும் அவரவரே சொல்லிக் காட்டினார்கள். கீழே சமவெளி விவசாயிகளும் வந்து கேட்டார்கள். இன்றைக்கு மல்லிகாதான் சங்கத் தலைவர். எனக்கு இப்போது மைக் தருவதில்லை. மல்லிகாவுக்கும் மேடத்துக்கும் சின்னப்பொண்ணுக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டவன் என்று மைக் இல்லாமலேயே சொல்கிறேன், அதனால் நம்பலாம்.

மலையில் எனக்குப் பெயர் கரடி சார். வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் பல்பு போனாலும் செல்வி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, “மனு. ரசீது குடுங்க” என்கிறாள்.

இந்த வருஷம் ஆடியில் சின்னப்பொண்ணு போன் செய்தார். பின்னால் சடசடவென்று சத்தம்.

“கரடி சார், கேக்குதா? மழை! சரியான மாசத்துல வந்துடுச்சு. என் மனு முடிஞ்சிதுன்னு எழுதிக்க.”

“எழுதிக்கிறேம்மா. ரசீத என்ன பண்ணப் போறீங்க?”

“அத எதுக்குக் கேக்கற? அது பொட்டியில பத்திரமா இருக்குது. அடுத்த வருசம் மழை தவறிச்சுன்னா உன்னத் தேடிக்கினு வரணும்ல?”