திருப்புளி அண்ணாச்சியின் மைக் சுவிட்ச்

சங்கரன்கோவிலிலேயே தன் செல்போனுக்குத் தானே முதலாளி என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ள ஒரே ஆள் திருப்புளி அண்ணாச்சிதான். நாமெல்லாம் நம் போனில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்.

நான் வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தில் அவர் மெக்கானிக். சட்டைப்பையில் எந்நேரமும் திருகாணி கழற்றும் திருப்புளி ஒன்று இருக்கும். அவர் போனில் ஓடியது லினக்ஸ் என்கிற மென்பொருள். யாரும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாமாம். அது ஆன் ஆவதற்குள் நாங்கள் டீ குடித்து கிளாஸையும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பக்கவாட்டில் மைக்குக்கென்று தனி சுவிட்ச் உண்டு. எந்தக் கம்பெனிக்காரனும் ஒட்டுக்கேட்கக் கூடாதென்று அதை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார்.

"தறியப் பிரிச்சு மாட்டுதேன், எவனும் கேக்கல. எம் போனப் பிரிக்க எவன்ட்ட வே அனுமதி வாங்கணும்?" என்பார்.

இந்தப் பேச்சுக்குப் பயந்தே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவின. வயதோ நாற்பதை நெருங்கிவிட்டது. மூன்றாவதாகத் திருவேங்கடத்தில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா போனில் பேசி முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"போனப் பத்தி மட்டும் பேசாதீக அண்ணாச்சி" என்று கும்பிட்டேன். அழைப்பு வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, லினக்ஸ், கழற்றி மாட்டும் பேட்டரி என்று அதைப் பற்றி மட்டும்தான் பேசினார். எதிர்முனையும் லேசுப்பட்டதில்லை. பெண்ணின் அப்பா தன் கரிசல்காட்டு மக்காச்சோளத்தைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். மைக் சுவிட்ச் அணைந்தே கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். அண்ணாச்சி பேசுவது அங்கே போய்ச் சேரவில்லை என்று தெரிந்தும் சத்தியமாக வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் பெரியவர், "மாப்ளே, இம்புட்டுப் பொறுமையா கேக்குத ஆள நான் பாத்ததில்ல. முடிச்சிருவோம்" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் அண்ணாச்சி சுவிட்சைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"அப்படியே விட்ருங்க. கல்யாணம் பேசி முடிஞ்சாச்சுல்லா" என்றேன்.

"எனக்குத் தெரியாம எம் போனு ஒரு வேல பாத்தாலே எனக்குப் பொறுக்காது. அவுகளுக்குத் தெரியாம நான் பாக்கலாமா வே?"

சுவிட்சைப் போட்டார். திரும்ப அழைத்தார். நடந்ததைச் சொல்லி, லினக்ஸையும் பேட்டரியையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று வாய் பிளந்து நின்றேன்.

எதிர்முனையில் ஒரு பெண்குரல் கேட்டது.

"நீங்க லினக்ஸுன்னு ஆரம்பிச்சப்பவே அப்பா போனை எங்கிட்ட குடுத்துட்டாக. நீங்க சொல்லுங்க, அந்த பேட்டரிய எப்படிக் கழட்டணும்?"

மைக் ஆனில்தான் இருந்தது. அண்ணாச்சிக்குத்தான் பேச்சு வரவில்லை. அந்த மனுஷனோடு ஒரே கூடத்தில் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம்தான்.